சிரிச்ச போட்டோ இருக்குதுங்களா?

டாக்டர் கலாமணி இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மயக்க மருந்து கொடுப்பவனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் எப்போதும் அதுதான் இடம். காலையில் முதல் கேஸ், பித்தப்பைக் கல். வாசலில் நுழையும்போதே பேச ஆரம்பித்துவிடும் ஸ்டெல்லா சிஸ்டர், அன்றைக்கு ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு மெதுவாக, "கலாமணி மேடம் போயிட்டாங்க டாக்டர்" என்றார். விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாராம். கணவர் காரை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. மயக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு மயக்க மருத்துவன் எங்கே ஓடுவது? மானிட்டரைப் பார்த்துக்கொண்டே அழுதேன். முகக்கவசம் நனைந்துபோயிற்று. மேஜையில் இருந்த நோயாளி அம்மாள் கண் விழித்து, தன் பெயரைச் சொல்லி, தண்ணீர் கேட்ட பிறகுதான் கிளம்பினேன். பாதியில் எழுந்து போயிருந்தால் கலாமணியே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார், அவர் இருந்த நிலையிலும்.

அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவர் கையால் தங்கள் முகத்தைத் திரும்பப் பெற்றவர்கள், உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஆனாலும் தலைமாட்டில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்த கலாமணி ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பொங்கலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல் மருத்துவம் படித்து, அதற்கு மேல் முகத்தாடை அறுவை சிகிச்சை படித்து, சென்னையில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டுத் திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். ஏன் என்று கேட்டால், "வேலை இங்கதானுங்க விழுகுது" என்பார். அவர் சொன்னது நிஜம். ஷிப்ட் விடும் நேரத்தில் இந்த ஊர் ரோட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு வண்டியில் மூன்று பேர், டிரைவருக்கு மட்டும் ஹெல்மெட், அதுவும் பல நாள் டேங்க் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கையோ காலோ உடைந்தால் எலும்பு டாக்டர். தலையில் அடிபட்டால் நரம்பு டாக்டர். நெற்றிக்குக் கீழே, கீழ்த்தாடைக்கு மேலே, முகத்தின் நடுப்பகுதி நொறுங்கி வந்தால் எல்லோரும் கலாமணியைத்தான் தேடுவார்கள்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. நடுமுகம் உடைந்தவருக்கு மயக்கம் கொடுக்க வேண்டுமென்றால் மூச்சுக்குழாயை எந்த வழியாக உள்ளே விடுவது? மூக்கு வழியாக விடலாம் என்றால், மூக்கோடு மண்டையின் அடித்தளமும் விரிசல் விட்டிருந்தால் குழாய் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். வாய் வழியாக விட்டால் கலாமணிக்கு ஆகாது. அவருக்கு வாய் மூட வேண்டும், பல்லோடு பல் சேர வேண்டும். இருப்பதோ ஒரே வாய், அது இரண்டு பேருக்கும் வேண்டும். முதல் கேஸிலேயே நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. "ஏனுங்க பாய், தாடைக்கு அடியில சின்னதா ஒரு வழி பண்ணித் தர்றேன். குழாயை அப்படிக்கா எடுத்துக்குங்க. உங்களுக்கும் மூச்சு, எனக்கும் வாய்" என்றார். முகவாய்க்கட்டைக்குக் கீழே விரல் நுழையும் அளவு திறந்து, வாய்க்குள் இருந்த குழாயின் வெளிமுனையை அந்த வழியாக வெளியே எடுத்தோம். அப்படி ஒரு முறை இருப்பது எனக்கும் தெரியும். செய்து பார்க்கத் துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து என் பெயர் ரஷீத் என்பதையே அவர் மறந்துவிட்டார். கடைசி வரைக்கும் நான் அவருக்கு பாய்தான்.

வந்தவுடன் அவர் செய்யும் பரிசோதனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் படம் கையில் இருந்தாலும், இடது கைவிரல்களை நோயாளியின் மூக்குத்தண்டின் மேல் வைப்பார். வலது கையால் மேல்வரிசைப் பல்லைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல அசைப்பார். பல்வரிசை மட்டும் தனியாக அசைந்தால் முதல் வகை முறிவு. கூடவே மூக்கும் அசைந்தால் இரண்டாவது. கன்னத்தெலும்பும் கண்குழியின் ஓரமும் சேர்ந்து மொத்த முகமும் மண்டையிலிருந்து கழன்று அசைந்தால் மூன்றாவது. பாடப்புத்தகத்தில் இருப்பது இந்த மூன்று கோடுகள்தான். ஆனால் வலப்பக்கம் ஒரு வகை, இடப்பக்கம் வேறு வகை என்று வருபவர்கள்தான் அதிகம். பயிற்சி டாக்டர்கள் குழம்பி நின்றால், "புத்தகத்துல மூணுதானுங்க. ரோட்டுல விழறவங்க புத்தகம் படிச்சுட்டு விழறதில்லையே" என்று சிரிப்பார்.

சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தன் சாப்பாட்டு டிபன் கேரியரையே எடுத்து வருவார். கைப்பிடியும் மூடியும் மண்டை. அடுக்குகள் முகம். "கீழ் அடுக்கு மட்டும் நழுவியிருக்குதுங்க" என்றோ, "மூடியில இருந்து மொத்த அடுக்கும் கழண்டுருச்சுங்க, ஆனா உள்ள இருக்கறது சிந்தலைங்க" என்றோ சொல்லி அடுக்குகளைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார். வார்டு முழுக்கக் கொள்ளுப்பருப்பு வாசம் அடிக்கும். அழுதுகொண்டு வந்தவர்கள் அந்தக் கேரியரைப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்துவிடுவார்கள்.

இதெல்லாம் முடிந்ததும் அந்தக் கேள்வி வரும். "சிரிச்ச போட்டோ இருக்குதுங்களா?"

முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. முகம் சிதைந்து கிடக்கிறவனுக்கு இந்த நேரத்தில் போட்டோ எதற்கு என்று சிலர் கோபப்பட்டதும் உண்டு. கலாமணிக்கு அது கட்டாயம் வேண்டும். நடுமுகம் உடைந்தால் முகம் உள்வாங்கித் தட்டையாகிவிடும், நீண்டும்விடும். அதை எவ்வளவு முன்னே இழுக்க வேண்டும், எவ்வளவு மேலே தூக்க வேண்டும் என்பதற்குப் பழைய முகம் தெரிய வேண்டும். ஆதார் அட்டையை நீட்டுவார்கள். "இது விழுந்ததுக்கு அப்பறம் எடுத்த மாதிரி இருக்குதுங்களே" என்று திருப்பிக் கொடுப்பார். கல்யாணத்தில், கோயிலில், கம்பெனி டூரில் எடுத்த படமாக இருக்க வேண்டும், பல் தெரிய வேண்டும். "ஸ்கேன்ல எலும்பு தெரியுமுங்க. ஆளு தெரியாதுங்க" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

ஒருமுறை பீகாரிலிருந்து வந்து நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் லாரியில் மோதி வந்தார். கூடவந்த அறைத்தோழர்களிடம் படம் இல்லை, அவருடைய போனும் உடைந்துவிட்டது. கலாமணி தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு தோழர் ஊருக்கு வீடியோ கால் போட்டுத் தாயாரைக் காட்டினார். முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்த அந்த அம்மாளிடம் கலாமணி, "ஹஸ்தே ஹஸ்தே" என்று சொல்லித் தன் வாயைக் காட்டிச் சிரித்துக் காட்டினார். மகன் இப்படிக் கிடக்கும்போது யாரோ ஒரு டாக்டரம்மா சிரிக்கச் சொல்கிறார். அந்தத் தாய் என்ன நினைத்தாரோ, முக்காட்டை விலக்கி அழுகையோடு சிரித்தார். கலாமணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கன்னம் புரிஞ்சுதுங்க பாய். அம்மாவோட கன்னம்தான் இவனுக்கு" என்றார். இரண்டு மாதம் கழித்து அதே போனில் அந்தத் தாய்க்கு மகனைக் காட்டினோம். அவர் என்ன பேசினார் என்று எனக்கும் புரியவில்லை, கலாமணிக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றோம்.

ஊரார் சிரிப்பையெல்லாம் கேட்டு வாங்கிய இந்த மனுஷிக்குத் தான் சிரிப்பதில் ஒரு கூச்சம் இருந்தது. அவருக்கு இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். பள்ளிக்கூட நாளிலிருந்தே கேலி கேட்டுக் கேட்டு, சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். "ஊரார் பல்லையெல்லாம் கட்டுறீங்க, உங்க பல்லை ஒருநாள் உள்ள தள்ளிக்கக் கூடாதா?" என்று நான் சீண்டுவேன். "இதைத் தள்ளிட்டா எங்கப்பனுக்கே என்னை அடையாளம் தெரியாதுங்க பாய்" என்பார், வாயைக் கையால் மூடிக்கொண்டே.

இனி மகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலாமணி யார் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அந்தக் கேஸில்தான்.

மகேஸ்வரி சாமளாபுரத்துப் பெண். பனியன் கம்பெனியில் டெய்லர். வேலை முடிந்து கணவர் சண்முகத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது துப்பட்டா சக்கரத்தில் சிக்கி இழுத்துவிட்டது. ரோட்டு நடுவிலிருந்த கான்கிரீட் தடுப்பில் முகம் மோதியிருக்கிறது. வந்தபோது கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன, சுற்றிலும் கறுப்பு வளையம். மூக்கு உள்ளே போயிருந்தது. வாயை மூடச் சொன்னால் கடைவாய்ப் பற்கள் மட்டும் இடித்துக்கொண்டன, முன்பற்கள் சேரவில்லை. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டியது, அதாவது மூளையைச் சுற்றியிருக்கும் நீர். நரம்பு டாக்டர் பார்த்து, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பொறுத்துச் செய்யுங்கள் என்றார். கலாமணி தன் வழக்கப்படி மூக்கில் விரல் வைத்து, பல்லை அசைத்துப் பார்த்தார். வலப்பக்கம் மூன்றாவது வகை, இடப்பக்கம் இரண்டாவது.

வீக்கம் வடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றதும் சொந்தக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோகலாமா என்று வராந்தாவில் பேச்சு நடந்தது. கலாமணி அவர்கள் நடுவில் போய் நின்றார். "தாராளமாக் கொண்டுபோங்க. ஆனா அங்கயும் காத்திருக்கத்தான் சொல்லுவாங்க. வீக்கத்தோட கை வெச்சா வீங்கின முகத்தைத்தானுங்க வெக்க முடியும்" என்றார். போகவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் ஒருநாள் சண்முகம் மகளை அழைத்து வந்தார். மூன்று வயது இருக்கும், யாழினி என்று பெயர். அப்பாவின் இடுப்பிலிருந்து கட்டிலைப் பார்த்தது. பிறகு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மாகிட்டப் போலாம்ப்பா" என்றது. கட்டிலில் கிடந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. நானும் கலாமணியும் அங்கேதான் இருந்தோம். சண்முகம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகு, மகேஸ்வரி உடைந்த வாயால் சொன்னாள். வார்த்தைகள் குழறினாலும் எங்களுக்குப் புரிந்தது.

"அழகெல்லாம் வேண்டாமுங்கம்மா. என்ற புள்ளைக்கு என்னைத் தெரிஞ்சாப் போதும்."

"சரி கண்ணு" என்றார் கலாமணி. அவர் யாருக்கும் வாக்குக் கொடுப்பவர் இல்லை. அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூட அவர் கேரியரைத் திறக்கவில்லை.

படம் கேட்டதற்கு சண்முகம் ஒன்று கொண்டு வந்தார். போன வருடம் குழந்தையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வைத்த பிளக்ஸுக்காக எடுத்தது. பட்டுப்புடவையில் மகேஸ்வரி நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். மேல்வரிசைப் பல் கீழ்வரிசையை லேசாக மூடி, வரிசையாக, பளிச்சென்று. கலாமணிக்குத் திருப்தி. தியேட்டர் சுவரில் ஸ்கேன் படத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று வழக்கம்போல் குழாய் தாடைக்கு அடியில் வெளியே வந்தது, வாய் அவருக்கு. இரண்டு பல்வரிசையிலும் வளைகம்பி கட்டினார். மேலுதட்டின் உட்புறத்திலும் கண்ணிமையின் ஓரத்திலும் திறந்து முறிவுகளைப் பார்த்தார். பிறகு இரண்டு பெரிய இடுக்கிகளால் மேல்தாடையைப் பிடித்து, உள்வாங்கியிருந்த முகத்தை அசைத்து அசைத்து முன்னே கொண்டுவந்தார். பார்க்க முரட்டு வேலை. என் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். இனிப் பல்லைச் சேர்த்துக் கம்பியால் கட்டி, அந்த நிலையில் எலும்புகளில் டைட்டானியம் தகடு பொருத்த வேண்டும். பல் சரியாகச் சேர்ந்துவிட்டால் எலும்பும் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பல் சேரவில்லை. சுவரில் இருந்த படத்தைப் போலவே மேல்வரிசையை முன்னால் கொண்டுவந்து கீழ்வரிசையை மூட வைத்தார். முன்னால் அழகாக இருந்தது, கடைவாயில் இடைவெளி. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், அதேதான். எலும்புத் துண்டு எங்காவது குறுக்கே நிற்கிறதா என்று தேடினார், இல்லை. கீழ்த்தாடையில் நாங்கள் கவனிக்காத முறிவு ஏதும் உண்டா என்று ஸ்கேனை மறுபடி பார்த்தார், இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் எனக்குப் பிடித்த மாதிரி இல்லை. சின்ன இடைவெளிதானே, பிறகு ரப்பர் போட்டு இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று நான் சொன்னேன். அப்படி முடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"சித்த பொறுங்க பாய்" என்றார். ஸ்டெல்லாவை விளக்கைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பற்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் தலைமாட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். மேல் முன்பல்லின் விளிம்பில் மெல்லிய ஒரு பள்ளம். நேர் கீழே, கீழ்ப்பல்லின் விளிம்பிலும் அதே மாதிரி ஒரு பள்ளம்.

"நூல் கடிச்ச பல்லுங்க" என்றார்.

இந்த ஊரில் அந்தப் பள்ளத்தை நாங்கள் எத்தனையோ வாயில் பார்த்திருக்கிறோம். கத்தரிக்கோலைத் தேடாமல் நூலைப் பல்லால் நறுக்கும் பழக்கம் வருடக்கணக்கில் போனால் பல் அப்படித் தேயும். மேல் பள்ளமும் கீழ்ப் பள்ளமும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும்படி மேல்தாடையை இம்மியளவு பின்னால் தள்ளினார். முன்பற்கள் முனையோடு முனை வந்து நின்றன. அதே நொடியில் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் பூட்டு விழுந்த மாதிரி சேர்ந்துகொண்டன. அவளுக்குப் பிறவியிலேயே முனையோடு முனை சேரும் பல். சுவரில் ஒட்டியிருந்த அழகான வரிசை அவளுடையதே இல்லை. கலாமணி அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, பல் காட்டிய இடத்தில் தகடுகளைப் பொருத்தினார்.

வெளியே வந்து சண்முகத்திடம் படத்தை நீட்டி இது யாருங்க என்று கேட்டார். மனிதர் நெளிந்தார். ஸ்டுடியோக்காரத் தம்பி பிளக்ஸில் போடுவதால் பல்லையெல்லாம் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்தார் என்றும், நன்றாக இருக்கட்டுமே என்றுதான் அந்தப் படத்தைக் கொண்டு வந்ததாகவும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கலாமணி பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "நீங்க கட்டுன புள்ளையத்தானுங்க நான் திருப்பித் தரோணும்? ஸ்டுடியோக்காரன் செஞ்ச புள்ளையத் தந்தா ஊட்டுல சேத்துவீங்களா?" என்றார். அன்றிலிருந்து அவர் கேள்வி கொஞ்சம் நீண்டது. சிரிச்ச போட்டோ, டச்சப் பண்ணாத போட்டோ.

எலும்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. குழந்தை வரவில்லை. வீக்கம், தையல், பல்லைக் கட்டிய கம்பி, பேச முடியாத வாய். கட்டில் கம்பியில் ஒரு கம்பி வெட்டும் கட்டர் பனியன் வேஸ்ட் துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்பதற்காகக் கலாமணி எல்லா நோயாளிக்கும் கட்டித் தொங்கவிடுவது அது. குழந்தைக்கு அதைப் பார்த்தாலும் பயம். வீட்டுக்குப் போன பிறகும் தூரத்தில் நின்றே பார்ப்பதாகச் சண்முகம் சொன்னார். வடிகட்டிய ராகிக்கூழைக் குழாய் வைத்து உறிஞ்சும் இந்த அம்மாவை அது நம்பவில்லை. ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் கலாமணி காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது, "பாப்பா வந்துச்சா?" என்றுதான். மகேஸ்வரி தலையை இல்லை என்று அசைப்பாள். ஒருநாள் கேன்டீனில் டீயை ஆறவிட்டபடி, "எலும்பு சேர்ந்துருச்சுங்க பாய். புள்ளை சேரலையே" என்றார்.

கம்பியெல்லாம் எடுத்த நாள் வந்தது. வாய் திறக்கிறது, மூடுகிறது, கண் நேராகப் பார்க்கிறது. சண்முகம் மகளோடு கதவருகே நின்றார். குழந்தை அவர் காலுக்குப் பின்னால். கலாமணி கையுறையைக் கழற்றினார், முகக்கவசத்தையும் கழற்றினார். தன் புடவை முந்தானையில் பிரிந்து தொங்கிய ஒரு நூலைக் காட்டி, "இதைக் கடி கண்ணு, பாக்கலாம்" என்றார். மகேஸ்வரி தயங்கினாள். பிறகு முந்தானையைப் பிடித்துக் குனிந்து, தலையை லேசாகச் சாய்த்து, முன்பல்லில் நூலை வைத்து நறுக்கினாள். நூல் அறுந்தது. அவளுக்கே ஆச்சரியம். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

வீட்டில் தையல் மெஷினுக்குக் கீழே விளையாடி வளர்ந்த குழந்தை அது. அம்மா தலையைச் சாய்த்து நூலைக் கடிப்பதைத்தான் தினமும் பார்த்திருக்கும். காலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. "அம்மா" என்றது. மெதுவாகத்தான் வந்தது. வந்து மகேஸ்வரியின் மடியில் ஏறி, அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. கலாமணி சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. இரண்டு கையும் அந்த இருவரின் தோளிலும் இருந்ததால் வாயை மூட அவருக்குக் கை இல்லை. ஸ்டெல்லா தன் போனில் ஒரு படம் எடுத்தார்.

அந்தப் படத்தைத்தான் இப்போது நாங்கள் தேடினோம். இறந்த அன்று மதியம் அவர் வீட்டில் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும் என்றார்கள். அவர் கணவர் சுப்பிரமணியம் ஆல்பங்களை எடுத்துப் போட்டார். கல்யாணப் படத்தில் வாய் மூடியிருந்தது. மாநாட்டுப் படங்களிலும் அப்படியே. தியேட்டர் படங்களில் முகக்கவசம். அவருடைய போனைத் திறந்தால் ஆயிரம் முகம், ஆயிரம் பல்வரிசை, எல்லாம் நோயாளிகளுடையது. அவர் முகம் ஒன்றுகூட இல்லை. "எல்லார்கிட்டயும் கேட்டா. அவகிட்ட நான் கேக்காமப் போயிட்டனுங்களே" என்று சுப்பிரமணியம் சொன்னபோது எங்களால் அவரைப் பார்க்க முடியவில்லை.

ஸ்டெல்லாவின் பழைய போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து போய்விட்டது. ஆனால் மகேஸ்வரிக்கு அன்றே அனுப்பியிருந்தார். போன் செய்தோம். அவளே கிளம்பி வந்துவிட்டாள், பள்ளிக்கூடச் சீருடையில் யாழினியும் கூட. படம் இருந்தது. சுப்பிரமணியம் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிளக்ஸ் கடைக்கு அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் வடிவமைப்பு வாட்ஸப்பில் வந்தது. பூ, தீபம், நடுவில் கலாமணி. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். சுப்பிரமணியமும் நல்லாத்தான் இருக்குது என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மறுபடி வாங்கிப் பார்த்தார். என்னவோ ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை, எனக்கும்தான். மகேஸ்வரிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"டாக்டரம்மா பல்லைச் சரி பண்ணிட்டாங்களுங்க."

தெத்துப்பல் இல்லை. வரிசையான, வெள்ளையான, வேறு யாருடையவோ பற்கள். நான் கடைக்குப் போன் போட்டேன். போனை எடுத்த கடைப் பையன் நல்லவன். டச்சப்புக்குக் காசு போடவில்லை சார், நல்லா இருக்கட்டும்னு நானாப் பண்ணினேன் என்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. "தம்பி, அந்தப் பல்லு இருந்தபடியே இருக்கட்டும். அது இல்லீன்னா அவங்க அப்பாவுக்கே அடையாளம் தெரியாதாம்" என்றேன்.

பேனர் ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் கலாமணி வாயை மூடாமல் சிரிக்கிறார், தெத்துப்பல்லோடு.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் நோயாளியின் வாயையும் பல்லையும் பார்ப்பது எங்கள் தொழிலில் கட்டாயம். இத்தனை காலமும் வாயைத் திறங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் ஒருக்கா சிரிங்க என்கிறேன். போன வாரம் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த தாராபுரத்துப் பெரியவர் மேஜையில் படுத்தபடி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வயித்துல ஆபரேஷனுக்கு எதுக்குங்க சிரிக்கோணும் என்று கேட்டார்.

"நீங்க முழிக்கறப்ப நீங்கதானான்னு எனக்குத் தெரியோணுமுங்க" என்றேன். அவர் சிரித்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் மருந்தை ஏற்றினேன்.